வெள்ளைப் பூ, உருண்டைக் காய், கிள்ளுனா பால்: உங்க வீட்டு மரம் புன்னை தான், நீங்களே உறுதி பண்ணிக்கலாம்

கேள்விய மொதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், இனிமே படிக்கிறவங்களுக்கும் புரியணும். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கீங்க, காம்பவுண்டு ஓரத்துல ஒரு முப்பது அடி மரம், வெள்ளையா கொத்துக் கொத்தா பூ, நடுவுல மஞ்சளா நூல் நூலா, நல்ல வாசனை. காய் பச்சையா உருண்டையா, கோலிய விட பெருசா. பக்கத்து வீட்டம்மா மகிழம்னு சொல்றாங்க, தோட்ட வேலைக்கு வர்றவர் சுரபுன்னைன்னு சொல்றார், ஃபோன்ல ஆப் வச்சுப் பாத்தா ஒரு தடவ டீ செடின்னும் ஒரு தடவ கொய்யான்னும் காட்டுது. புள்ளைங்க காயப் பொறுக்கி வெளையாடுறாங்க, விஷமா, மரத்த வெட்டிடலாமா, இது தானே?

வெட்டாதீங்க. நீங்க சொன்னத வச்சும் நீங்க போட்ட மூணு ஃபோட்டோவ வச்சும் பாத்தா அது புன்னை மரம். தாவரவியல் பேரு காலோபில்லம் இனோபில்லம், 1753ல லின்னேயஸ் வச்சது. ஆனா நான் சொன்னேன்னு அப்படியே எடுத்துக்காதீங்க, மரம் உங்க வீட்டுல நிக்குது, நீங்களே கையில தொட்டுப் பாத்து உறுதி பண்ணிக்க முடியும். அதுக்கு எத எத பாக்கணும்னு சொல்றேன், இது தெரிஞ்சா நாளைக்கு வேற ஒரு தெரியாத மரம் கண்ணுல பட்டாலும் பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஆப் ஏன் தடுமாறுச்சுன்னா நீங்க பூவ மேலருந்து மட்டும் ஒரு க்ளோசப் எடுத்திருக்கீங்க. வெள்ளை இதழ், நடுவுல நிறைய மஞ்சள் நூல், இத மட்டும் பாத்தா டீ செடிப் பூவும் இப்படித் தான் இருக்கும், கொய்யாப் பூவும் கிட்டத்தட்ட இப்படித் தான் இருக்கும், நாகப்பூவும் இப்படித் தான். பூவோட முகம் ஒண்ணா இருக்குற மரங்க ஏகப்பட்டது இருக்கு. அதனால பூவ பறிச்சுத் திருப்பிப் பாக்கணும், காயோட சேத்து வச்சுப் பாக்கணும். பூவுல இருக்குற ஒரு பாகம் தான் நாளைக்குக் காயா மாறப் போகுது, அதனால ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சாட்சி சொல்லும், பொய் சொல்லாது.

எப்படின்னா, ஒரு கொய்யாப் பூவ எடுத்துக்கோங்க. இதழுங்க எல்லாம் எங்க ஒட்டியிருக்குன்னு பாத்தீங்கன்னா, இதழுக்கும் கீழ, காம்புப் பக்கமா ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், அது தான் சூல்பை, அது தான் பின்னாடி கொய்யாக்காய் ஆகுது. சூல்பை கீழ, இதழும் புல்லியும் (மொட்ட வெளிய மூடியிருக்குற இதழ்) மேல. அதனால காய் பெருசானதும் புல்லி இதழோட மிச்சம் காயோட நுனியில, காம்புக்கு எதிர்ப்பக்கம், ஒரு கிரீடமா நிக்கும். கொய்யாவுக்கு அடியில அந்த காஞ்ச பூ மூக்கு இருக்கே அது. மாதுளைக்கு அது நல்லா பெருசா தெரியும், பன்னீர் நாவல்லயும் பாக்கலாம். இப்போ உங்க மரத்துக் காய எடுத்துப் பாருங்க, நுனியில கிரீடம் இருக்கா? நீங்க போட்ட ஃபோட்டோல மொழு மொழுன்னு இருக்கு, உச்சியில ஒரு சின்ன முள்ளு நுனி மட்டும் தெரியுது, அவ்வளவு தான். அப்போ இந்த மரத்துல சூல்பை இதழுக்கு மேல உக்காந்திருக்குன்னு அர்த்தம், பூவ பாக்காமலே சொல்லிடலாம், கொய்யா குடும்பம் மொத்தமா லிஸ்ட்ல இருந்து போயிடுச்சு. இந்த ஒரு விஷயத்த கத்துக்கிட்டா போதும், பல மரத்துல குழப்பம் அப்பவே தீந்துடும், ஸ்கூல்ல இத படமா வரைய வச்சாங்க, ஆனா ஒரு கொய்யாவ கையில குடுத்துக் காட்டியிருந்தா யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இப்போ உங்க மரத்துப் பூ ஒண்ண காலையில பறிச்சு வெள்ளைப் பேப்பர் மேல வச்சுப் பாருங்க. சுமாரா ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டர் அகலம் இருக்கும். இதழ் எண்ணுனா ஆறு, ஏழு, எட்டுன்னு குழப்பமா வரும், பயப்பட வேண்டாம், புன்னையில நாலு புல்லி இதழ் இருக்கும், அதுல உள்ள இருக்குற ரெண்டு இதழ் மாதிரியே வெள்ளையா ஆயிடும், அதுக்கும் மேல நாலு நிஜ இதழ். அதனால தான் எண்ணிக்கை ஆளுக்கு ஆளு மாறுது. மஞ்சள் நூலுங்க எண்ண முடியாத அளவுக்கு, இருநூறுக்கும் மேல இருக்கும். அந்த மஞ்சள விரல்ல மெதுவா விலக்குங்க. நடுவுல ரோஸ் கலர்ல பளபளன்னு ஒரு குட்டி உருண்டை இருக்கா, அதுல இருந்து ஒரே ஒரு வெள்ளைத் தண்டு லேசா வளைஞ்சு மஞ்சளுக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குதா? அந்த ரோஸ் உருண்டை தான் சூல்பை, இதழுக்கு மேல உக்காந்திருக்கு. வெள்ளை, மஞ்சள், நடுவுல ரோஸ், இந்த மூணும் சேந்து வந்தா நம்ம ஊர்த் தோட்டத்துல அது புன்னை தான்னு எனக்குப் பெரிய சந்தேகமே வராது. அந்த நீட்டிக்கிட்டு இருந்த தண்டோட மிச்சம் தான் காயோட உச்சியில நீங்க பாத்த அந்த முள்ளு நுனி.

அடுத்து காய். பழுத்து விழுந்தது வேண்டாம், பச்சையா ஒண்ண எடுத்து குறுக்க வெட்டுங்க, கத்திக்கு கொஞ்சம் எண்ணெய் தடவிக்கோங்க ஏன்னா பால் ஒட்டும். மேல மெல்லிசா ஒரு பச்சைச் சதை, அதுக்குள்ள ஓடு, ஓட்டுக்குள்ள தக்கை மாதிரி ஒரு லேயர், அதுக்குள்ள ஒரே ஒரு உருண்டைப் பருப்பு. ஒரே ஒண்ணு தான் இருக்கணும். ரெண்டு மூணு விதையோ, தட்டையா காசு காசா விதையோ இருந்தா உடனே எனக்குச் சொல்லுங்க, அது வேற மரம். குறிப்பா எட்டி மரத்த பத்தி சொல்லணும், அதுவும் எதிர் எதிர் இலை, உருண்டைக் காய், ஆனா காய் பழுத்தா ஆரஞ்சு கலர் ஆகும், உள்ள வெள்ளைச் சோத்துக்குள்ள தட்டை தட்டையா விதை இருக்கும், இலையில அடியில இருந்தே மூணோ அஞ்சோ நரம்பு கிளம்பி நுனி வரைக்கும் ஓடும். அது கடும் விஷம். உங்களுது அது இல்ல, இலைய பாத்தாலே தெரியுது.

இலைய வச்சுத் தான் முடிவா ஆணி அடிக்கலாம். புன்னை இலை கெட்டியா, மேல நல்லா மினுக்குன்னு, கிளையில ரெண்டு ரெண்டா எதிர் எதிரா இருக்கும், நுனி கூர்மையா இல்லாம வட்டமா, பல இலையில நுனியில லேசா ஒரு வெட்டு இருக்கும். இத வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. நடு நரம்புல இருந்து ரெண்டு பக்கமும் பக்க நரம்பு கிளம்புது இல்லையா, சீப்புப் பல்லு மாதிரி நெருக்கமா, ஒண்ணுக்கொண்ணு சமமா, நடு நரம்புக்கு கிட்டத்தட்ட நேர் குறுக்க, ஓரம் வரைக்கும் ஓடும். மாவிலையிலயோ கொய்யா இலையிலயோ நரம்பு ஒவ்வொண்ணுக்கும் நடுவுல விரல் வைக்கிற அளவு இடைவெளி இருக்கும், இதுல ஊசி வைக்கக் கூட இடம் தேடணும். இவ்வளவு நெருக்கமான நரம்பு உள்ள இலை நம்ம ஊர்ல ரொம்பக் கம்மி. பூவும் இல்ல காயும் இல்லாத சீசன்ல கூட இந்த ஒரு இலைய வச்சு மரத்த சொல்லிடலாம். காம்ப ஒடிச்சா பால் வருதான்னும் பாருங்க, வரும். ஆனா பால மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது, மகிழத்துலயும் பால் வரும், அரளி வகையிலயும் வரும், ஆல் அரசு எல்லாத்துலயும் வரும்.

இப்போ மத்தவங்க சொன்ன பேருக்கு வர்றேன். பக்கத்து வீட்டம்மா மகிழம்னு சொன்னது சும்மா இல்ல, ரெண்டும் எப்பவும் பச்சையா நிழல் குடுக்குற மரம், ரெண்டும் வாசனை, ரெண்டும் கோயில் மரம், தூரத்துல நின்னு பாத்தா யாருக்கும் அப்படித் தோணும். கிட்டப் போனா வித்தியாசம் தெரிஞ்சிடும். மகிழம்பூ ரொம்பச் சின்னது, ஒன்றரை சென்டிமீட்டர் கூட சில சமயம் வராது, நட்சத்திர வடிவம், மங்கின வெள்ளை, முழுசா கழண்டு கீழ விழும், நடுவுல ஓட்டை இருக்கும், அதுலயே நூல் விட்டுக் கோத்து மாலை ஆக்குவாங்க, காஞ்சாலும் மணம் போகாது. இலை எதிர் எதிரா இருக்காது, மாறி மாறி இருக்கும், ஓரம் அலை அலையா நெளியும். காய் நீள்உருண்டை, பழுத்தா ஆரஞ்சு, காம்புப் பக்கம் புல்லி இதழ் ஒட்டியே இருக்கும், சப்போட்டாவுக்கு இருக்குற மாதிரி, ரெண்டும் ஒரே குடும்பம். சின்னப் பசங்க அந்தப் பழத்த சாப்புடுவாங்க, அதனால தான் நான் இத இவ்வளவு அழுத்திச் சொல்றேன், மகிழம்னு நெனச்சு புன்னைக்காய புள்ளைங்க வாயில வச்சுடக் கூடாது.

தோட்டக்காரர் சொன்ன சுரபுன்னை உண்மையில கிட்டத்துச் சொந்தக்கார மரம், மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து மரம். அதுல இலை நரம்பு வலை மாதிரி பின்னியிருக்கும், சீப்பா ஓடாது. பூ இலை இருக்குற இளம் கிளையில வராது, இலை உதுந்து போன பழைய கிளையில கொத்தா ஒட்டிக்கிட்டு வரும். உங்க ஃபோட்டோல பூங்கொத்து இலைக்கு இடுக்குல இருந்து நீளமான வெள்ளைக் காம்போட வருது, அதனால அது இல்ல. இன்னொரு குழப்பமும் உங்க ஊர்ல உண்டு, பிச்சாவரம் பக்கத்துல உப்பங்கழி ஓரம் நிக்கிற அலையாத்தி மரங்களையே சுரபுன்னைக் காடுன்னு சொல்லுவாங்க, அவர் அந்தப் பக்கத்து ஆளா இருந்தா அந்தப் பேர் அவர் காதுல சின்ன வயசுலருந்தே விழுந்திருக்கும். மனுஷர் ஓரளவு கிட்ட வந்துட்டார், அவர குறை சொல்லாதீங்க.

நாகப்பூவோடயும் ஒப்பிட்டுப் பாத்துடுங்க, இதுவும் புன்னையும் ஒரே குடும்பம் தான். இலங்கையில 1986ல தேசிய மரமா அறிவிச்ச நா மரம் இது தான். பூ நல்ல பெருசு, உள்ளங்கைய நிறைக்கும், நாலு இதழ் தான், தனித்தனியா பூக்கும். இலை ஒடுக்கமா நீளமா, அடிப்பக்கம் சாம்பல் பூசின மாதிரி வெளுத்திருக்கும், துளிர் செக்கச் செவேல்னு தொங்கும். உங்க மரத்துல துளிர் பச்சை தான், பூ கொத்து. முடிஞ்சது. டீ செடிய பத்தி பேசவே வேண்டாம், இலை மாறி மாறி, ஓரம் பல்லு பல்லா இருக்கும், அதுவும் கடலூர் கடக்கரையில முப்பது அடிக்கு வளராது.

விஷமா? அரளி, எட்டி ரேஞ்சுக்கு பயப்படுற மரம் இல்ல, ஆனா சாப்புடுற காயும் இல்ல. பருப்ப தின்னக் கூடாது, எண்ணெயும் உள்ளுக்கு எடுக்குற எண்ணெய் இல்ல. பால் கண்ணுல பட்டா நல்லா எரியும், கண்ணு வீங்கும், அதனால கிளை வெட்டுறப்போ, பச்சைக் காய ஒடிக்கிறப்போ கண்ணுல கை வைக்க வேண்டாம்னு புள்ளைங்களுக்குச் சொல்லிடுங்க, பட்டுட்டா நிறைய தண்ணி ஊத்திக் கழுவிட்டு டாக்டர்ட்ட காட்டிடுங்க. காஞ்சு விழுந்த கொட்டைய வச்சு கோலி ஆடுறது நம்ம கடக்கரை ஊர்ல தலைமுறை தலைமுறையா நடக்குறது, தாராளமா ஆடட்டும். ரொம்பச் சின்னக் குழந்தை இருந்தா மட்டும் தொண்டையில சிக்கிக்கிற சைஸ்னு ஞாபகம் வச்சுக்கோங்க. இன்னொண்ணு, பொதுவா சொல்றேன், பேரு உறுதியா தெரியாத மரத்துல பால் வந்தா அந்தக் காய யாரும் வாயில வைக்க வேண்டாம், இது ஒரு கண்டிப்பான விதியா வீட்டுல வச்சுக்கோங்க, ஏன்னா தோட்டத்துல அழகுக்கு வைக்கிற தங்க அரளிக்கும் பச்சைக் காய், அதுலயும் பால், அது இதயத்தையே தாக்குற விஷம்.

வெட்டுறதா வேண்டாமான்னா, இது எந்த மண்ணுல நிக்கிற மரம்னு யோசிங்க. புன்னை கடக்கரை மரம், ஆப்பிரிக்காவோட கிழக்குக் கரையில இருந்து நம்ம கரை, மலேயா, பசிபிக் தீவுங்க வரைக்கும் மணல்லயும் உப்புக்காத்துலயும் நிக்குது. காய் உள்ள தக்கை இருக்குன்னு சொன்னேனே, அதனால தான் கடல்ல மிதந்து ஊர் ஊரா போயிருக்கு, வௌவாலும் தூக்கிட்டுப் போய்ப் போடும். சங்கப் பாட்டுல நெய்தல் நிலம்னா புன்னை இல்லாம இருக்காது. அதுல ஒரு பாட்டுல, ஒரு பொண்ணு தோழிங்களோட வெளையாடுறப்போ மணல்ல அழுத்தி வச்சுட்டு மறந்து போன கொட்டை முளைச்சுடுது, அவ அதுக்கு நெய்யும் பாலும் ஊத்தி வளக்குறா, உன் தங்கச்சிடி இதுன்னு அம்மா சொல்றாங்க, அதனால அது நிழல்ல நின்னு காதலன்கிட்ட சிரிச்சுப் பேச வெக்கமா இருக்குன்னு வருது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தல விருட்சமும் புன்னை தான், சென்னை போனா ஒரு இலைய கையில எடுத்துட்டுப் போய் அந்த மரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க, பேர் உறுதியா தெரிஞ்ச ஒரு மரத்தோட நேர்ல வச்சுப் பாக்குறதுக்கு ஈடா எந்த ஆப்பும் கிடையாது. தஞ்சாவூர் பக்கம் புன்னைநல்லூர், தூத்துக்குடி பக்கம் புன்னைக்காயல், மட்டக்களப்புப் பக்கம் புன்னைக்குடா, இப்படி ஊர் பேராவே நிக்குது.

பழைய ஓனர் தொண்ணூறுகள்லயே வச்ச மரம்னு சொன்னீங்க. அப்படின்னா 2011 டிசம்பர் 30ல ‘தானே’ங்கிற புயல் உங்க தலைக்கு மேலயே கரையக் கடந்தப்போ இது அங்க நின்னுருக்கு. அந்தப் புயல்ல பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் எத்தனை தோப்பு போச்சுன்னு உங்க ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. 2016ல சென்னையில வர்தா புயல் வந்தப்போ ரோட்டோரம் வச்ச குல்மோகரும் இயல்வாகையும் வரிசையா சாஞ்சு கெடந்துச்சு. புன்னை மெதுவா வளரும், அதனால கட்டை கெட்டி, காத்துல அவ்வளவு சீக்கிரம் முறியாது, காத்தடுப்பு மரமா கடலோரத்துல நடுறதே அதுக்காகத் தான். படகு கட்டவும் இந்தக் கட்டைய பயன்படுத்தியிருக்காங்க. கடல் காத்து நேரா வீட்டுல மோதாம தடுக்குற ஒரு மரத்த வெட்டிட்டு, அதே இடத்துல இன்னொண்ணு வச்சு இந்த உயரத்துக்குக் கொண்டு வர இருபது வருஷத்துக்கு மேல ஆகும்.

காய் விழுந்து தரை குப்பையாகுது, கால் வழுக்குதுன்னா, வாரத்துக்கு ஒரு தடவ பெருக்கி ஒரு சாக்குல போட்டு வைங்க. அத தூக்கியும் எறிய வேண்டாம், கொட்டைய உடைச்சுப் பருப்ப ஒரு மாசம் ரெண்டு மாசம் நல்லா காய வச்சீங்கன்னா வெளிர் மஞ்சளா இருந்தது சாக்லேட் கலர் ஆகி எண்ணெய் கசிய ஆரம்பிக்கும், காஞ்ச பருப்புல பாதிக்கு மேல எண்ணெய் தான். பச்சையா, கெட்டியா, வாசனை கொஞ்சம் தூக்கலா இருக்கும். கரண்ட் வர்றதுக்கு முன்னாடி கடலோர வீடுகள்ல விளக்கு எரிஞ்சது இதுல தான், இப்பவும் சாமி விளக்குக்கு வாங்குறவங்க இருக்காங்க. நாகப்பட்டினம் பக்கம் டீசலுக்கு பதிலா இந்த எண்ணெய்ல பம்ப்செட் ஓட்டுற விவசாயியும் உண்டு. தமானு எண்ணெய்னு குட்டி பாட்டில்ல அழகுசாதனக் கடையில நல்ல வெலைக்கு விக்கிறதும் இதே தான், பசிபிக் தீவுப் பேர்ல வருது. செக்குக்காரர் எல்லாரும் ஆட்ட மாட்டாங்க, சாப்பாட்டு எண்ணெய் ஆட்டுற செக்குல இத போட்டா அடுத்து ஆட்டுறது கெட்டுடும், அதனால முன்னாடியே கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க.

கிளை வீட்டுப் பக்கமா சாஞ்சிருக்குன்னு சொன்னத மட்டும் கவனிங்க. ஒரே நாள்ல மொட்டை அடிக்க வேண்டாம், ஓட்டு மேல உரசுற ரெண்டு கிளைய மட்டும் மழைக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடி, கிளை தொடங்குற எடத்துல இருக்குற அந்தத் தடிச்ச வளையத்த விட்டுட்டு வெட்டச் சொல்லுங்க, நடுவுல குச்சியா நிக்க விட்டா அங்க அழுகல் ஏறும். கன்னு வேணும்னா நல்லா பழுத்து சுருங்கி விழுந்த காயா எடுங்க, ஓட்டோட நட்டா முளைக்க ரெண்டு மாசம் ஆனாலும் ஆகும், ஓட்ட மெதுவா உடைச்சு முழுப் பருப்பா நட்டா மூணு வாரத்துல தல தூக்கிடும், பூக்க ஏழெட்டு வருஷம்.

இன்னும் ஒரு ஃபோட்டோ மட்டும் எனக்கு வேணும், இலைய வெயிலுக்கு நேரா பிடிச்சு நரம்பு தெரியிற மாதிரி ஒண்ணு எடுத்துப் போடுங்க. முடிஞ்சா மஞ்சள் நூல விலக்கி அந்த ரோஸ் உருண்டை தெரியிற மாதிரியும் ஒண்ணு. ரெண்டும் நான் சொன்னபடி இருந்தா, தோட்டக்காரர்கிட்ட கோடாலிய திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லிடலாம்.